நூறு கிராம் எழுத்து

எண்ணூர்ப் பக்கம், கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளில் நின்று மீன் பிடிக்கிறவர்களுக்கு ஈயம் என்பது மாதச் செலவு. கொடுவாவுக்கு ஆசைப்பட்டு ரப்பர் மீனைக் கோத்து வீசினால், ஜிக் ஹெட் (கொக்கியின் தலையில் ஈயக் குண்டு வார்த்தது) நேராகப் போய்க் கருங்கல் இடுக்கில் குடியேறிவிடும். இழுத்தால் தூண்டில் நரம்புதான் அறும். கடையில் வாங்கி மாளாது என்று அலுமினிய அச்சு ஒன்று வாங்கினேன். இனி நாமே உருக்கி வார்த்துக்கொள்ளலாம்.

புதுப்பேட்டையில் நான் போகும் பழைய இரும்புக் கடை அண்ணாச்சியைப் பொறுத்தவரை உலகத்தில் ஈயம் ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் ஒரே விலை தம்பி, அள்ளிக்கொண்டு போங்கள்" என்றார். முதலில் அவர் காட்டியது பேட்டரித் தட்டு. கையெடுத்துக் கும்பிட்டு விலகினேன். அதில் அமிலமும் தூசியும் மட்டுமா இருக்கிறது? கால்சியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் என்ற நச்சுவாயு கிளம்பும். கொடுவா கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அடுத்தது, கார் சக்கரத்தில் சமநிலைக்காக அடிக்கும் எடைகள். நல்ல சரக்கு, கொக்கி வைத்த பழைய எடைகளில் மூன்று சதவீதம்போல ஆன்டிமனி, அதாவது ஈயத்தைக் கடினமாக்கும் உலோகம், இருக்கும். ஆனால் இப்போது அதற்குள் இரும்பும் துத்தநாகமும் ஒளிந்து வருகின்றன. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாகம் கள்ளன். அது உருகிக் கலந்தால் பானையில் இருப்பது ஈயமாக இராது, ரவை உப்புமாவாகத் திரளும். ஈயம் உருகுவது 327 டிகிரியில், துத்தநாகம் 419இல். சூட்டை அடக்கி வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எறியலாம். அதற்கும் முன்னால், கட்டிங் பிளேயரால் ஒரு கடி. பல் பதிந்தால் ஈயம், வழுக்கினால் துத்தநாகம். ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அண்ணாச்சியின் கடைப்பையன் எட்ட நின்று பார்த்தான்.

மூன்றாவது, பழங்காலத் தொலைபேசிக் கேபிளின் உறை. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. மேஜையில் கிடந்த காகிதத்தில் இழுத்தேன், சாம்பல் நிறத்தில் பென்சில்போல எழுதியது. கிட்டத்தட்டச் சுத்த ஈயம். "கணக்கு எழுத இங்கே பேனா இருக்கிறது" என்றார் அண்ணாச்சி. நான் கோடு போட்டது அவருடைய ரசீதுப் புத்தகத்தில்.

சுத்த ஈயத்துக்கு எடை உண்டு, முதுகெலும்பு இல்லை. ரப்பர் மீன் நழுவாமல் பிடிக்கும் சின்ன முள் இருக்கிறதே, அது முதல் மீனை ஏற்றும்போதே வளைந்து படுத்துவிடும். கடினம் வேண்டும். அதைத் தேடித்தான் கண் மூலையில் கிடந்த சாக்கின்மேல் போனது. மூடிப்போன அச்சகம் ஒன்றின் எழுத்துகள். காரீயத்தோடு (இதுவரை ஈயம் என்றது இதைத்தான்) ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தவை. கையால் கோக்கும் எழுத்துகளில் ஆன்டிமனி 20 சதவீதத்தைக்கூடத் தாண்டும். வார்ப்பில் ஊசி முனைவரை ஓடி நிறையும். ஆனால் அதை மட்டும் ஊற்றினால் பாறையில் பட்டதும் முள் ஒடியும். எடையும் குறைவு, பத்து கிராம் அச்சில் ஒன்பது கிராம்தான் நிற்கும். கேபிள் ஈயம் ஒரு கிலோவுக்கு எழுத்து நூறு கிராம் போதும்.

அந்த நூறு கிராம்தான் கிடைக்கவில்லை. சாக்கை வீட்டில் இறக்கியதும் பெரியப்பா வந்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற கம்போசிட்டர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். பார்வை மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. எழுத்தின் உடம்பில் இருக்கும் சின்னப் பள்ளத்தைத் தடவி, தலைகீழ் இல்லாமல் ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தத் தொடங்கினார்.

"பெரியப்பா, ஒரு இருபத்தைந்து எழுத்து கொடுங்கள், போதும்."

"எந்த எழுத்து?"

"எதுவானால் என்ன? உருக்கத்தானே போகிறேன்."

"ககரத்தைத் தொட்டால் கையை ஒடிப்பேன்."

கடைசியில் அவர் மனமிரங்கித் தந்தது, 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் வேலை இழந்த துதிக்கை வைத்த பழைய 'லை'களும் 'னை'களும். தராசில் வைத்தால் எண்பது கிராம். மீதி இருபது கிராமுக்கு 'ஙு'வும் 'ஙூ'வும் விழுந்தன. பிறந்ததிலிருந்து காகிதத்தைப் பார்க்காத எழுத்துகள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நடுவில், இன்னும் கொஞ்சம் வெள்ளீயம் இருந்தால் ஓட்டம் பிரமாதமாக இருக்கும் என்று பொதுவாகத்தான் சொன்னேன். அம்மா எழுந்துபோய் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை, அது வெள்ளீயம் ஆயிற்றே, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏற்கெனவே மொட்டைமாடியில் வடாம் காயப்போடக் கூடாது என்று நான் தடுத்ததில் கோபம். ஈயப் புகை படும் இடத்தில் வடாம் வேண்டாம், சமையலறைப் பாத்திரமும் வேண்டாம் என்பதில் நான் இறங்கிவரவில்லை. மழைத் தூறல் விழுந்தாலும் அடுப்பை அணைத்துவிடுவேன். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும்.

வார்ப்பு அருமையாக வந்தது. முள் வரை கூர்மை. பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதில் கண் மழுங்கியிருக்கிறது. இதில் கழுத்தில் பிசிறு. திருப்பிப் போடு." முதல் வார்ப்பில் பாதி மறுபடி பானைக்குப் போனது. அச்சகத்தில் எத்தனை பேர் இவரிடம் அழுதிருப்பார்களோ.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். முகம் தேய்ந்ததும் விளிம்பு உடைந்ததும் எனக்கு, நல்லது அவருக்கு. சாக்கு அவர் கட்டிலுக்கு அடியில். எழுத்துக் கோக்கும் ஸ்டிக் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னார். பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கையாலேயே கோக்கப் போகிறாராம். அண்ணாச்சி தேடி எடுத்து அதை இரும்பு விலைக்கே கொடுத்தார். எழுத்துக்கு மட்டும் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றிவிட்டார்.