ஓஹையோவுல ஜாடி தேடி ஒரு வீக்கெண்ட்

பழைய அமெரிக்கன் பாட்டரி, அதாவது களிமண்ணுல செஞ்சு சுட்ட ஜாடி, தட்டு எல்லாம் சேர்க்கணும்னு ஆசை வந்துச்சுன்னா ஈபே பக்கம் போறதுக்கு முன்னாடி ஓஹையோவுல இருக்கிற ஜேன்ஸ்வில்லுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க. கொலம்பஸ்ல இருந்து ஐ-70 ஹைவே புடிச்சா கிழக்கால ஒரு மணி நேரம்தான். நானும் வீட்டுக்காரரும் சனிக்கிழமை காலைலயே கிளம்பிட்டோம், இட்லியும் பொடியும் டப்பாவுல கட்டி எடுத்துட்டு.

மஸ்கிங்கம் ஆறும் லிக்கிங் ஆறும் சேர்ற இடத்துல ஊரு. அந்த எடத்து மேலயே ஒய் மாதிரி மூணு பக்கமா பிரியிற பாலம் இருக்கு, நடுவுல போயி சிக்னல்ல திரும்பணும், எங்க வீட்டுக்காரர் அதுல ஓட்டணும்னே ரெண்டு சுத்து சுத்தினார். இந்த ஊருக்கு க்ளே சிட்டின்னே ஒரு பேரு உண்டு. சுத்துவட்டாரம் முழுக்க நல்ல களிமண், சூளை எரிக்க நிலக்கரியும் நேச்சுரல் கேஸும் பக்கத்துலயே, சரக்கு அனுப்ப ஆறும் ரயிலும், அப்புறம் ஏன் ஃபேக்டரி வராது? வெல்லர், ரோஸ்வில், மெக்காய், ஹல் எல்லாமே இந்த வட்டாரத்து கம்பெனிதான்.

முதல்ல ஜேன்ஸ்வில் மியூசியம் ஆஃப் ஆர்ட்டுக்கு போனோம். கடைக்கு முன்னாடி மியூசியம்னு நான் அடிச்சு சொல்வேன், ஏன்னா நல்ல பீஸ் எப்படி இருக்கும்னு கண்ணுக்கு பழகணும். வெல்லரோட லூவெல்சாங்கிற வரிசை ஜாடிங்க, அடர் பிரவுன் கிளேஸ்க்கு (மேல பூசி சுடுற கண்ணாடி மாதிரி பூச்சு) அடியில கையால வரைஞ்ச பூவு, வெளிச்சம் படுற பக்கம் தேன் கலர்ல மின்னுது, அத பாத்துட்டே நின்னுட்டேன். இப்படி ஒண்ணொண்ணா வரைஞ்சு செஞ்ச காலம் போய் அப்புறம் அச்சுல வார்த்து நிறைய செய்ற காலம் வந்துச்சு, நம்மள மாதிரி புதுசா ஆரம்பிக்கிறவங்க கைக்கு எட்டுறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது காலத்து சரக்குதான்.

அடுத்து ஆன்டீக் மால். ஒரே கூரைக்குள்ள ஆளாளுக்கு ஒரு தடுப்பு போட்டு சாமான் வெச்சிருப்பாங்க, பாதி நாள் அதுலயே போயிடும். கவுன்டர்ல இருந்த வயசான அம்மா ஒருத்தங்க நான் ஜாடியோட முன்பக்கத்த மட்டுமே பாத்துட்டு இருக்கிறத கவனிச்சுட்டு, எந்திரிச்சு வந்து மேக்னோலியா பூ டிசைன் போட்ட ஒரு நீல ரோஸ்வில் ஜாடிய எடுத்து தலைகீழா கவுத்து என் கையில குடுத்தாங்க. அடியில மேடா ரோஸ்வில், யு.எஸ்.ஏ., கீழ 91-8. 91 அந்த வடிவத்தோட நம்பர், 8 அதோட அளவு, எட்டு இன்ச். அப்புறம் அவங்களே ஒரு டேப் எடுத்து அளந்து காட்டினாங்க. விஷயம் என்னன்னா 1990கள்ல இருந்து ரோஸ்வில் டூப்ளிகேட் நிறைய வந்திருக்கு, பல போலியில யு.எஸ்.ஏ.ங்கிற எழுத்தே இருக்காது. ஒரிஜினல் மேல அச்செடுத்து புதுசா வார்த்தா களிமண்ணு காயும்போதும் சுடும்போதும் சுருங்கிடும், அதனால போலி கொஞ்சம் குட்டையா வரும், பூவோட இதழ் ஓரமும் கூர்மையா இல்லாம மழுங்கி போயிருக்கும். ஆனா யு.எஸ்.ஏ. இல்லேன்னாலே போலின்னும் முடிவு பண்ணிடாதீங்க, 1930களுக்கு முந்தின நல்ல ரோஸ்வில்ல அது இருக்காது, பல பீஸ்ல மார்க்கே கிடையாது.

அதே மாதிரி வெறும் யு.எஸ்.ஏ.ன்னு மட்டும் போட்டிருந்தா அத மெக்காய்னு சொல்லி விப்பாங்க, நம்பாதீங்க, எத்தனையோ கம்பெனி அப்படி போட்டிருக்காங்க.

கையில எடுத்ததும் விரல் நகத்தால வாய் ஓரத்த சுத்தி தடவுங்க, சிப், அதாவது சில்லு பேந்த இடம் இருந்தா கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடி நகத்துல மாட்டும். விரலால லேசா சுண்டி பாருங்க, ஹேர்லைன், அதாவது முடி மாதிரி மெல்லிசா விரிசல் விட்டிருந்தா சத்தம் மொத்தையா வரும். மேல வலை மாதிரி பொடிக்கோடு ஓடியிருந்தா அது கிரேசிங், கிளேஸும் மண்ணும் ஒரே அளவுக்கு சுருங்காததால வர்றது, பழைய பீஸ்ல சகஜம், அதுக்காக ஒதுக்க வேணாம்.

அங்க நான் வாங்கினது ஒரு சின்ன பச்சை மெக்காய் பிளான்டர் (செடி வைக்கிற தொட்டி), 18 டாலர். மேக்னோலியா ஆசையா இருந்துச்சு, ஆனா ஆரம்பத்துல இந்த மாதிரி விலையில வாங்கி வீட்டுல வெச்சு தினமும் கையில எடுத்து பாத்தாதான் கனமும் வழவழப்பும் கைக்கு பிடிபடும்னு எனக்கு தோணுது. அப்புறம் தெற்கால ரோஸ்வில் ஊரையும் க்ரூக்ஸ்வில்லையும் ஒரு சுத்து பாத்தோம். ரோஸ்வில் கம்பெனி 1890ல இந்த குட்டி ரோஸ்வில் ஊருல ஆரம்பிச்சு ஜேன்ஸ்வில்லுக்கு மாறி 1954ல மூடிடுச்சு, மெக்காய் 1910ல இருந்து 1990 வரைக்கும் இங்கயே ஓடிச்சு. அமைதியான தெருங்க, இத்தனை வீட்டு ஜன்னல்ல இருந்த ஜாடியெல்லாம் இங்கருந்துதான் போச்சுன்னு நினைக்கவே பிரமிப்பா இருக்கு.

ஞாயித்துக்கிழமை ஓஹையோவோட கிழக்கு ஓரத்துல இருக்கிற ஈஸ்ட் லிவர்பூல். பழைய போஸ்ட் ஆபீஸ் கட்டடத்துல மியூசியம் ஆஃப் செராமிக்ஸ், கட்டடமே அழகு. ஓஹையோ ஆத்துக்கு அந்தாண்ட வெஸ்ட் வர்ஜீனியா, அங்க நியூவெல்லதான் ஹோமர் லாஃப்லின் கம்பெனி 1936ல ஃபியஸ்டாங்கிற கலர் கலரான சாப்பாட்டு தட்டு வரிசைய கொண்டு வந்தாங்க, டிசைன் ஃபிரெடெரிக் ரெட்னு ஒருத்தர், இவர் அதுக்கு முன்னாடி வெல்லர்லயும் ரோஸ்வில்லயும் வேலை பாத்தவர். பழைய ஃபியஸ்டா சிவப்புல யுரேனியம் ஆக்சைடு உண்டு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல யுரேனியத்த கவர்மென்ட் எடுத்துக்கிட்டதால அந்த சிவப்பு நின்னுபோச்சு, திரும்ப 1959லதான் வந்துச்சு. பழைய கிளேஸ்ல ஈயமும் இருக்கும், அதனால ஷெல்ஃப்ல வெச்சு பாருங்க, அதுல சோறு போட்டு சாப்பிடாதீங்க. 1986ல இருந்து புதுசாவும் ஃபியஸ்டா வருது, குழப்பமா இருந்தா தட்ட கவுத்து பாருங்க: பழைய தட்டுல அடி முழுக்க கிளேஸ் இருக்கும், சூளையில முட்டு குடுத்த மூணு புள்ளித் தழும்பு தெரியும், புது தட்டுல அடிவிளிம்பு கிளேஸ் இல்லாம சொரசொரன்னு இருக்கும்.

அடுத்து சின்சினாட்டி போறோம், ஆர்ட் மியூசியத்துல ரூக்வுட் பாக்க. 1880ல மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ்ங்கிறவங்க ஆரம்பிச்ச கம்பெனி. அவங்க முத்திரையில 1887ல இருந்து வருஷத்துக்கு ஒரு தீச்சுடர் சேத்துட்டே வந்து 1900ல 14 ஆச்சு, 1901ல இருந்து அதுக்கு கீழ ரோமன் எண்ல வருஷம் போட ஆரம்பிச்சாங்க, சுடரையும் அந்த எண்ணையும் பாத்தாலே எந்த வருஷத்து ஜாடின்னு சொல்லிடலாம். கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கிறதோட அடிய பாக்க முடியாது, அதனால அங்க ஏதாவது ஒரு ஆன்டீக் கடையிலயும் ஏறி இறங்கணும்னு வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.