சமாளிக்கிறேன்

மதிப்பீட்டு அறையில் மொழிபெயர்ப்பாளரின் கதிரை எப்போதும் பக்கவாட்டில்தான் இருக்கும். கணினிக்குப் பின்னால் மதிப்பீட்டாளர், அவருக்கு எதிரே நோயால் வேலை செய்ய முடியாது என்று அரசிடம் உதவிப்பணம் கேட்டு வந்தவர், ஓரத்தில் நான். லண்டனில் ஏழு ஆண்டுகள் அந்தக் கதிரையில் உட்கார்ந்து உழைத்தேன். எனக்கு இருந்த விதி ஒன்றுதான்: சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கம் கொடுக்கக் கூடாது. அந்த விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடித்த நாட்களே என்னை அந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றின.

ஓர் அம்மாவைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வன்னியிலிருந்து வந்தவர், அறுபதை நெருங்கும் வயது. தோளிலும் இடுப்பிலும் ஷெல் துண்டுகள் இன்னும் உள்ளே இருந்தன. காத்திருக்கும் அறையில் மகள்தான் அவரைத் தூக்கி எழுப்பிவிட்டார். உள்ளே போனதும், ஒரு சாதாரண நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

"காலையில் எழும்புவேன், தேநீர் போடுவேன், சமைப்பேன். பின்னேரம் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவேன்."

"எல்லாவற்றையும் தனியாகச் செய்ய முடிகிறதா?"

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓம் பிள்ளை, சமாளிக்கிறேன்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த கேள்வி வந்துவிட்டது.

தமிழில் ஒருவர் "சமாளிக்கிறேன்" என்று சொன்னால், கேட்பவருக்கு அதற்கு முன்னால் வரும் பெருமூச்சும் கேட்கும். கஷ்டம்தான், இழந்தது இழந்ததுதான், அதை உங்களிடம் சொல்லி உங்களையும் வருத்த விரும்பவில்லை என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கும். நான் சொன்ன 'மனேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லில் அந்தப் பெருமூச்சு கிடையாது. கடைக்கும் வங்கிக்கும் பொறுப்பாக இருப்பவரை மனேஜர் என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர்தான் அதுவும். அகராதிப்படி நான் தவறு செய்யவில்லை. ஆனால் நோவோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பெண், என் வாய் வழியாக எல்லாவற்றையும் திறம்பட நடத்துபவராக மாறிப்போனார்.

எங்கள் ஆட்கள் 'மெடிக்கல்' என்று அழைக்கும் இந்த வேலைத்திறன் மதிப்பீடு, பிரிட்டனில் 2008 அக்டோபரில் தொடங்கியது. நோயாலோ உடற்குறையாலோ வேலை செய்ய முடியாது என்று சொல்பவரைப் புள்ளி போட்டு அளக்கும் முறை இது. பதினைந்து புள்ளிகள் வேண்டும். சமதரையில் ஐம்பது மீற்றருக்கு மேல் நகர முடியாவிட்டால் பதினைந்து. அரை லீற்றர் பால் பெட்டியைத் தூக்கி நகர்த்த முடியாவிட்டால் பதினைந்து. ஒரு லீற்றர் பெட்டி என்றால் ஒன்பதுதான். ஒரு பவுண் நாணயத்தை எடுக்க முடியுமா, எழுதுகோலால் ஓர் அடையாளம் இட முடியுமா என்றெல்லாம் பட்டியல் நீளும். நோவுக்கென்று தனிப் புள்ளி அதில் எங்கும் கிடையாது. ஒரு செயலை நியாயமான நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என விதியில் இருக்கிறது. பலருக்கு வாழ்வும் சாவும் அந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன. அவசர அவசரமாக நடக்கும் மதிப்பீடுகளில் அந்த வரியை மதிப்பீட்டாளர் கேள்வியாக எழுப்பியது மிகக் குறைவு.

மதிப்பீட்டாளர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள். அவர்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. இறுதி முடிவை எடுப்பதோ வேறோர் இடத்தில் இருக்கும் அரசு அலுவலர். அவர் விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அறிக்கையைப் பார்க்கிறார், அந்த அறிக்கையில் "சமாளிப்பதாகக் கூறினார்" என்று இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு என்ன முடிவு வந்தது என்பது எனக்குத் தெரியாது. அமர்வு முடிந்தால் மொழிபெயர்ப்பாளரின் தொடர்பும் அறுந்துவிடும், அறுந்துவிட வேண்டும். ஆனால் சில மாதங்கள் கழித்து மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்றுக்கு என்னை அழைத்தார்கள். வேறொரு பெண், வேறொரு மொழிபெயர்ப்பாளர் இருந்த மதிப்பீடு. நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர் அறிக்கையை வாசித்தார். அதே சொல் அங்கேயும் இருந்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "சமாளிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

அந்தப் பெண் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். முக்காலியில் இருந்துதான் கறி வைக்கிறேன், கொதிக்கும் சட்டியை மூத்த மகன் இறக்கித் தருவான், அவன் பள்ளியிலிருந்து வரும்வரை அடுப்பை மூட்டுவதில்லை, சமைத்தபின் இரண்டு மணி நேரம் படுத்திருப்பேன், சில நாட்களில் எழும்பவே முடியாமல் பிள்ளைகள் பாணைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள் என்றார். பிள்ளைகள் பாண் சாப்பிட்டதைச் சொல்லும்போதுதான் அழுதார். தாயாக அதுதான் அவருக்கு அவமானம். நோவைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

அன்றே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. புதிய மருத்துவச் சான்று எதுவும் வரவில்லை. "முடியுமா" என்பதோடு "எப்படி" என்பதையும் சேர்த்து ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது மகிழ்ச்சியை விடக் கோபம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்க நீதிபதி வரை ஏன் போக வேண்டும்? இடையில் கழிந்த மாதங்களில் அந்த வீட்டில் என்ன உண்டார்கள், எதை அடகு வைத்தார்கள்? 2013 அக்டோபருக்குப் பிறகு பெரும்பாலும் நேரடியாக மேன்முறையீட்டுக்குப் போகவும் முடியாது. முதலில் முடிவெடுத்த அதே துறையிடமே மறுபரிசீலனை கேட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கேயே களைத்து விலகியவர்கள் பலரை நான் அறிவேன்.

விலகுவதோடு முடியாத கதைகளும் உண்டு. வடக்கு லண்டனில் 2013 இல் உயிரை மாய்த்துக்கொண்ட மைக்கேல் ஓசலிவனின் மரண விசாரணையில், வேலைக்குத் தகுதியானவர் என்று வந்த முடிவே அதற்குத் தூண்டுதலாக இருந்தது என்று விசாரணை அதிகாரி எழுத்தில் பதிவு செய்தார். அவருடைய சொந்த மருத்துவர்களின் கருத்தை மதிப்பீடு செய்தவர் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அதே 2013 இல், மனநலம் குன்றியவர்களை இந்த முறை பாதகமான நிலையில் வைக்கிறது என்று உயர் தீர்ப்பாயமும் சொன்னது. தம் நோயைத் தாமே எடுத்துச் சொல்ல முடியாததே அவர்களில் பலரின் நோய். சான்றைத் தேடிக் கொண்டுவா என்று அவர்களிடமே கேட்பது எப்படி நியாயம்?

அதன்பின் நான் கதிரையை மாற்றிக்கொண்டேன். இப்போது ஒரு சிறிய தொண்டு நிலையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறேன், கூட்டியும் குறைத்தும் இல்லாமல், ஆனால் கேட்டு. ஒரு படிவத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும், சிலருக்கு மூன்று சந்திப்புகள் ஆகும். தடுப்புக்காவலில் நடந்ததை மனைவியின் முன்னால் சொல்ல மாட்டாத ஆண்கள் வருவார்கள். படிவத்தைத் திருப்பி அனுப்ப நான்கு வாரம்தான் தருகிறார்கள். இருபது ஆண்டுகள் பூட்டி வைத்ததை அதற்குள் திறந்து, தனிநபர் விபரமாகப் பெட்டிக்குள் எழுத வேண்டும்.

மாற்றம் வேண்டும் என்று நாங்கள் மட்டும் கேட்கவில்லை. அரசின் செலவுக் குறைப்பை எதிர்த்து 2010 இல் தொடங்கிய 'வெட்டுகளுக்கு எதிரான மாற்றுத்திறனாளிகள்' அமைப்பினர் சக்கர நாற்காலிகளோடு வீதிகளை மறித்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் குழுவிடம் அவர்கள் கொண்டுபோன முறைப்பாட்டின் பேரில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பாரதூரமாக அல்லது திட்டமிட்டு மீறப்பட்டிருப்பதற்கான சான்றுகள் உண்டு என்று 2016 இல் அறிக்கை வந்தது. 2023 இல் அரசு இந்த மதிப்பீட்டை மேலும் இறுக்கப் பார்த்தது. நகரும் திறனுக்கான புள்ளிகளையே நீக்குவது பற்றிப் பேசியது. அதற்காக நடத்திய பொதுக் கருத்துக்கேட்பு, பணத்தைச் சேமிக்கும் நோக்கத்தை மறைத்து மக்களைத் தவறாக வழிநடத்தியது என்றும், சட்டத்துக்குப் புறம்பானது என்றும் 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் எலன் கிளிஃபர்ட், தாமே ஒரு மாற்றுத்திறனாளி. அன்று எங்கள் நிலையத்தில் தேநீர் ஆறிப்போகும் வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் புதிய திட்டம் வந்தது. மதிப்பீட்டை 2028 இல் ஒழிப்போம் என்று அதில் இருந்தது. கூடவே உடல்நலத்துக்காகக் கிடைக்கும் மேலதிகப் பணத்தை, 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருபவர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, ஏறத்தாழப் பாதியாக்கும் ஏற்பாடும் இருந்தது. போராட்டங்களாலும் ஆளும் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பாலும் வேறு சில வெட்டுகள் ஜூலையில் கைவிடப்பட்டன, இது மட்டும் சட்டமானது. ஒழிப்பதாகச் சொல்லும் மதிப்பீட்டுக்குப் பதிலாக வேறோர் உதவிப்பணத்தின் மதிப்பீடு வரப்போகிறது. அதன் கேள்விகளையும் நான் பல்லாயிரம் முறை மொழிபெயர்த்திருக்கிறேன். பெயர் மாறினாலும் அறையில் இருப்பவர் "எப்படி" என்று கேட்காவிட்டால் என்ன மாறும்?

போன மாதம் ஓர் அண்ணா மனைவியோடு வந்தார். கையில் விரல்கள் மடங்காது. முந்தைய அறிக்கையை மேசையில் விரித்தார். 'நேர்த்தியாக உடுத்தியிருந்தார், தலை சீவியிருந்தது' என்று அதில் இருந்தது. கைகளின் திறனுக்குப் புள்ளி பூச்சியம். இப்போது மறுமதிப்பீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

"இந்த முறை பழைய சட்டையோடு போகவா, தங்கச்சி?" என்று கேட்டார். அப்படிச் சொல்லி அனுப்பும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் என்னால் அதைச் சொல்ல முடியாது. கந்தோருக்குப் போகும்போது சலவைச் சட்டை போடுவது அவர் அப்பாவிடம் கற்றது.

"அந்தச் சட்டையையே போடுங்கள் அண்ணா. பொத்தானை யார் பூட்டிவிட்டார் என்பதையும் சொல்லுங்கள்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார்: "நான்தான் பூட்டிவிடுவேன். நானும் உள்ளே வந்து அதைச் சொல்லலாமா அக்கா?"

வரலாம் என்றேன். கூட ஒருவரை அழைத்துப்போக எல்லோருக்கும் அனுமதி உண்டு. பிறகு கைகளைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, காலையில் கட்டிலிலிருந்து எழும்புவதில் தொடங்கினோம்.