கட்டைவிரல் அடிமூட்டுக்கு எந்த அறுவைச் சிகிச்சை?

கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், இந்தச் சிறிய மூட்டுக்கு இத்தனை வகைச் சிகிச்சைகள் உண்டென்பதே எனக்குத் தெரிந்தது. விரல்நுனிகளால் 1 கிலோ விசையுடன் எதையாவது பற்றினால், அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை இறங்குகிறது. சாவியைத் திருகும்போது அங்கே வலி குத்துவதில் வியப்பில்லை.

மணிக்கட்டில் கட்டைவிரலின் அடியைத் தாங்கும் ட்ரபீசியம் எலும்பை முழுவதுமாக அகற்றிவிடுவதே மிகப் பழைய முறை. ஜெர்விஸ் என்ற மருத்துவர் 1949இல் இதை விவரித்தார். எலும்பு இருந்த இடத்தை வடுத்திசு நிரப்பிக்கொள்ளும். ஆனால் கட்டைவிரல் சற்றுக் குட்டையாகிப் பிடிப்பின் வலு குறைந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்ததால், மணிக்கட்டை மடக்கும் தசைநாணின் ஒரு பகுதியைக் கொண்டு விரலின் அடி எலும்பைக் கட்டி, மிச்சத்தைச் சுருட்டி வெற்றிடத்தில் வைக்கும் முறையை பர்ட்டனும் பெல்லிக்ரினியும் 1986இல் வெளியிட்டனர். கேட்கும்போது மறுக்கமுடியாத தர்க்கம்தான். எனினும் 183 கட்டைவிரல்களை வைத்து டேவிஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஒப்பீட்டில், எலும்பை மட்டும் எடுத்தவர்களுக்கும் தசைநாண் சேர்த்தவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் வலியிலோ வலுவிலோ சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வும் எந்த முறையையும் மற்றதைவிட மேலானதென்று சொல்லவில்லை. நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாணை இதற்காக வெட்டக் கொடுப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூட்டை அசையாதபடி இணைத்துவிடும் முறை, கடும் உழைப்பில் ஈடுபடும் இளைஞர்களுக்கு ஏற்றதென்பார்கள். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைக்க இயலாமற்போகும். எலும்புகள் ஒட்டாமலே போவதும் உண்டு.

என்னைத் தடுமாறவைத்தது, ட்ரபீசியத்தில் கிண்ணத்தையும் விரலின் அடி எலும்பில் பந்தையும் பொருத்தும் பந்துக்கிண்ண வடிவச் செயற்கை மூட்டுதான். விரலின் நீளம் குறைவதில்லை. எலும்பை அகற்றியவர்கள் பல மாதங்கள் காத்திருந்து பெறும் பயன்பாட்டை, இவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலேயே பெற்றுவிடுகிறார்கள். நழுவுதல், கிண்ணம் தளர்தல் ஆகியவையே இதன் தொல்லைகள். பழைய வடிவங்களில் அடிக்கடி நேர்ந்த நழுவலை, இரண்டு அசைவுத்தளங்கள் கொண்ட புதிய வடிவங்கள் வெகுவாகக் குறைத்திருக்கின்றன. ஆகவே கைவேலைக்கு விரைவில் திரும்பவேண்டியவருக்கு இதன் கவர்ச்சி நியாயமானதே. செயற்கை மூட்டு பழுதானால், அதை எடுத்துவிட்டு ட்ரபீசியத்தையும் அகற்றிப் பழைய முறைக்கே திரும்ப இயலும்; எலும்பை முதலிலேயே எடுத்துவிட்டவருக்கோ, கிண்ணத்தைப் பொருத்த இடமே இராது.