கூரைமேல் ஆண்டெனா

வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு முகாம். இன்று பக்கத்தில் நின்ற மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஆண்டெனா, டிவி சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே கோபுரத்தை நேராகத்தான் பார்த்தது. ஆனாலும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

ஆண்டெனாவின் கம்பிகள் படுக்கையாக இருந்தன. அதுதான் கோளாறு.

கோபுரம் சிக்னலை அனுப்பும் வாட்டத்திலேயே கம்பிகளும் இருக்க வேண்டும். பிரிட்டனில் பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அனுப்பும். பள்ளத்தாக்குகளுக்கான சிறு ரிலே கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தாக. ஆண்டெனாவை 90 டிகிரி புரட்டினால் படம் தெளிந்துவிடும்.

அதனால் வண்டிக்குள் இருந்தபடியே சுழற்றவும் புரட்டவும் முடிகிற ஆண்டெனாவையே வாங்குங்கள். எல்லாத் திசையிலும் சிக்னல் பிடிக்கும் தட்டு வடிவ ஆண்டெனாவைத் (சாட்டிலைட் டிஷ் அல்ல) திருப்பவே வேண்டாம், வசதிதான். கோபுரம் தூரமானால் திணறும்.

கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் சிக்னலைக் கூட்டும் பூஸ்டரை அணையுங்கள். சிக்னல் மிஞ்சினாலும் படம் உடையும்.

கேபிள் முனையையும் பாருங்கள். கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலையின் இழை ஒன்று அந்த நடுக்கம்பியைத் தொட்டாலே பூஸ்டருக்குப் போகும் 12 வோல்ட் ஷார்ட் ஆகிவிடும்.