ஃபிளாப்பைப் பார்த்துப் பின்வாங்கும் நாய்

நாய் தானே வெளியே போய்வரக் கதவின் அடியில் ஒரு ஓட்டை அறுத்து, ஃபிரேமை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதை மூடும் பிளாஸ்டிக் மடலான ஃபிளாப்பையும் தொங்கவிட்டாயிற்று. ஈரல் துண்டைக் காட்டிக் கூப்பிட்டால் நாய் நான்கடி தள்ளியே நிற்கிறது. கழுத்து மட்டும் நீளுகிறது, பின்னங்கால்கள் நட்ட இடத்தை விட்டு அசையவில்லை. உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பார்க்கிறவர்கள் பிடிவாதம் என்பார்கள். அத்தனையும் பயத்தின் அடையாளங்கள்.

நமக்கு அது ஒரே கதவு. நாய்க்கோ அதில் ஐந்து சங்கதிகள் இருக்கின்றன: குனிந்து நுழைய வேண்டிய குறுகல், காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய விளிம்பு, முகத்தில் உரசும் பிளாஸ்டிக், பாதி உடம்பு போன பிறகு முதுகிலும் வாலிலும் வந்து விழும் அதே பிளாஸ்டிக், கடைசியில் ஃபிளாப்பின் அடியிலிருக்கும் காந்தம் ஃபிரேமில் ஒட்டும் ‘டக்’ சத்தம். பெரும்பாலான நாய்கள் மாட்டிக்கொள்வது நாலாவதில். தின்கிற ஆசையில் ஒரு முறை பாய்ந்து போய்விடும், ஃபிளாப் இடுப்பில் அடிக்கும், அதோடு சரி. ‘நேற்று போனதே, இன்று ஏன் மாட்டேன் என்கிறது’ என்று கேட்கிற வீடுகளில் நடந்திருப்பது இதுதான். பின்னாலிருந்து தள்ளினால் இன்னும் மோசம். கதவோடு சேர்த்து, கதவருகே நிற்கும் உங்களையும் நம்பக் கூடாது என்று நாய் கற்றுக்கொள்ளும்.

வாங்கும் முன் அளவு எடுங்கள். நாயை நிற்கவைத்து, தரையிலிருந்து தோள்பட்டை உச்சி வரை ஒரு அளவு. ஓட்டையின் மேல்விளிம்பு அதைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மார்பு அல்லது இடுப்பு, எது அகலமோ அதோடு 5 சென்டிமீட்டர் கூட்டினால் அகலம். கீழ்விளிம்பு அடிவயிற்றுக்குக் கீழே இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. பயந்த நாய்க்கும் வயதான நாய்க்கும் முன்னங்கால் மணிக்கட்டு உயரத்துக்குள் வைப்பதுதான் என் கட்சி. ஃபிளாப் இரண்டு அளவில் கிடைத்தால் பெரியதை எடுங்கள். கனமான கெட்டி பிளாஸ்டிக்கைவிட வளைந்து கொடுக்கும் மெல்லிய ஃபிளாப் நல்லது.

கதவில் ரம்பம் வைக்குமுன் ஒரு அட்டையில் ஒத்திகை பார்க்கலாம். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி இருந்தால் அதில் அதே அளவு ஓட்டை வெட்டி, நாய் தினமும் நடக்கிற இடைவழியில் குறுக்கே நிறுத்துங்கள். குறுகலும் விளிம்பும் அங்கேயே பழகிவிடும். உயரம் போதவில்லை என்றால் தேக்குக் கதவைப் பாழாக்காமல் அட்டையிலேயே தெரிந்துகொள்ளலாம். தலைவாசல் கதவில் கை வைக்காமல் கொல்லைப்பக்கக் கதவில் போடுவதே சரி. அது பிவிசி கதவாக இருந்தால் உள்ளே வெற்றிடம்தான். வெட்டிய விளிம்பைச் சுற்றி மரச்சட்டம் கொடுக்காவிட்டால் ஸ்க்ரூ பிடிக்காது, ஃபிரேம் ஆடும், ஆடுகிற ஃபிரேமை எந்த நாயும் நம்பாது. நம் வீடுகளில் கொல்லைத் தரை உள்தரையைவிடத் தாழ்வாக இருக்கும். அந்த இறக்கத்தில் சொரசொரப்பான ஒரு மேடை வையுங்கள். வழவழ டைல்ஸில் காலை ஊன்றி விளிம்பைத் தாண்டுவதும் கஷ்டம், உள்பக்கம் ஒரு ரப்பர் மேட் வேண்டும்.

இனி பயிற்சி. வேகவைத்த கோழி, ஈரல், பனீர், எதுவானாலும் கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு. உப்பு வேண்டாம், குழம்பிலிருந்து எடுத்தது கூடவே கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம். துண்டு தீர்ந்தால் அன்றைய வேளை முடிந்தது. மூன்று நிமிடம் முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்.

பலர் தப்பு செய்வது துண்டை எங்கே கொடுப்பது என்பதில். ஓட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்து இழுக்கப் பார்ப்பார்கள். நாயும் பின்னங்காலை அங்கேயே வைத்துக்கொண்டு உடம்பை ரப்பர் மாதிரி நீட்டும். வாயில் துண்டு விழுந்ததும், தான் எங்கே நிற்கிறோம் என்று திடுக்கிட்டுப் பின்னால் பாயும். அதற்குப் பதில், அது கதவை நோக்கி ஒரு அடி வைத்ததும் துண்டைக் கதவிலிருந்து விலக்கி, நாய்க்குப் பின்னால் எறியுங்கள். தின்னவும் கிடைக்கும், விலகி ஓடிய நிம்மதியும் கிடைக்கும். பிறகு அதுவே திரும்பி வரும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிட்டே.

முதல் கட்டத்தில் ஃபிளாப்பே இருக்கக் கூடாது. பல மாடல்களில் மேலே இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும். வராத வகை என்றால் மேலே சுருட்டிக் கயிற்றால் கட்டுங்கள், டேப்பை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் அவிழ்ந்து ஒரு தடவை விழுந்தால் ஒரு வார வேலை போச்சு. வெறும் ஓட்டை வழியாகத் தயங்காமல் போய்வருகிற வரை அடுத்த கட்டத்துக்கு அவசரம் வேண்டாம்.

பிறகு ஃபிளாப் இருந்த இடத்தில் ஒரு பழைய பருத்தித் துண்டு. அதை 5 சென்டிமீட்டர் அகல நாடாக்களாகக் கிழித்து மேலே ஒட்டுங்கள். முதலில் ஓட்டையின் கால்பங்கு, பிறகு பாதி, பிறகு முழுசும் மறைக்கிற நீளம். முகத்திலும் முதுகிலும் ஏதோ படுகிறது, ஆனால் எடையில்லை, சத்தமில்லை. அவசரக்காரர்கள் தாண்டிப்போகிற கட்டம் இது. என்னைக் கேட்டால் இதில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும்.

துணி பழகியதும் ஃபிளாப்பை மாட்டலாம். கீழ்விளிம்பில் இருக்கும் காந்தத்தின் மேல் நாலைந்து சுற்று துணிடேப் ஒட்டிவிடுங்கள், பிடிப்பும் சத்தமும் குறையும். ஃபிளாப்பைக் கையால் முக்கால் திறந்து பிடித்து நாயைப் போகவிடுங்கள், பிறகு அரை, பிறகு கால். இடுப்பைத் தாண்டும்போது ஃபிளாப்பைத் திடீரென்று விடாமல், கையோடு கொண்டுவந்து முதுகில் மெல்ல வைத்து வழியவிட வேண்டும். ‘டக்’ சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள்: நாய் இரண்டு மீட்டர் தள்ளித் தின்றுகொண்டிருக்கும்போது இன்னொருவர் ஃபிளாப்பை மெதுவாகத் தட்டட்டும். சத்தம் கேட்டு வாய் நின்றால் தூரம் போதவில்லை.

தானே தள்ளித் திறக்க, மூக்கால் உள்ளங்கையைத் தொடக் கற்றுக்கொடுங்கள். கை வாசத்துக்கே தொடும், தொட்டதும் ஒரு துண்டு. இரண்டு நாளில் கையை ஃபிளாப்பின் மேல் வைத்துத் தொடவையுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, மூக்கு நுழைகிற அளவு 2 சென்டிமீட்டர் மட்டும் திறந்து பிடியுங்கள்.

வெளியே போகத் தெரிந்த நாய் உள்ளே வரத் தெரியாமல் நிற்கும். ஃபிளாப் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது, காட்சியும் வேறு, ஆகவே திரும்பும் திசையை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். உச்சி வெயிலில் கொல்லையிலிருந்து பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு, ராத்திரியில் வெளியே இருட்டு. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுவிடுங்கள். இரண்டு நாய் இருந்தால், தைரியசாலி அந்தப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு நிற்காமல் கட்டிவையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் பெரிய கதவைப் பிறாண்டிக்கொண்டு நிற்கிறதா? பாட்டியோ பையனோ இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். திட்ட வேண்டாம். பெரிய கதவைத் திறப்பதற்குப் பதில் ஃபிளாப்பைப் பாதி தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் எலக்ட்ரானிக் கதவில் மோட்டார் ஓசையும் பூட்டு விலகும் ஓசையும் கூடுதல். அதைத் திறந்த நிலையில் வைத்துத் துணிக் கட்டத்தை முடியுங்கள், மோட்டாரை ஆன் செய்வது கடைசி வேலை. கழுத்துப் பட்டை டேக்கில் திறக்கும் வகையில் அந்த டேக் ஃபிளாப்பில் மோதிச் சத்தம் போடும். அதே டேக்கைப் போட்டுக்கொண்டே எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுப் பழகிய நாய் அதைக் கண்டுகொள்ளாது.

தீபாவளியை ஒட்டிய நாட்களில் இதைத் தொடங்காதீர்கள். நாய் ஓட்டையில் பாதி இருக்கும்போது தெருவில் ஒரு வெடி வெடித்தால் பழி கதவின் மேல்தான் விழும். ஏற்கெனவே பழகிய நாய் இருந்தாலும் அந்த ராத்திரிகளில் ஃபிளாப்பின் மேல், ஓட்டையை அடைக்கும் பூட்டுப் பலகையைச் சொருகிவிடுங்கள், மிரண்ட நாய் காம்பவுண்டையும் தாண்டி ஓடும். பாம்பு நடமாடும் ஊர் என்றால் தினமும் இருட்டியதும் அந்தப் பலகை இறங்க வேண்டும். காந்தம் பெருச்சாளியை நிறுத்தாது.