கொரிய வகுப்பறையும் களுவாஞ்சிகுடி வகுப்பறையும்

இலங்கையின் களுவாஞ்சிகுடியில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, தென்கொரியாவில் அதே பாடத்தைக் கற்பிக்கும் வெளிநாட்டவர் மனநிறைவோடு இருக்கிறார்களா என்ற கேள்வி நெடுநாளாக உண்டு. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அமர்த்த அந்நாட்டு அரசு 1995இல் தொடங்கிய எபிக் (EPIK) திட்டத்தின் கீழ் அரசுப் பாடசாலைக்குச் செல்பவருக்கு வாரம் 22 பாடவேளைகளும், வகுப்பில் துணைநிற்க ஒரு கொரிய ஆசிரியரும், ஓரளவு நீண்ட விடுமுறையும் உண்டு; ஹாக்வொன் எனப்படும் தனியார் கல்வி நிலையத்திலோ வேலை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவுவரை நீளும், விடுமுறையும் குறைவு.

ஆயினும், நிறைவு விடுமுறையில் மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். அரசுப் பாடசாலையில் பெரிய வகுப்பை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் காண்பவரைவிட, ஹாக்வொனில் சிறு குழுவை அடிக்கடி காண்பவரே பிள்ளையின் வளர்ச்சியைக் கண்ணாரக் காண்கிறார். என் மாலை வகுப்பில் எப்போதும் "இஸ்கூல்" என்று சொல்லிவந்த ஆறாம் தரப் பிள்ளை ஒருத்தி, சென்ற வாரம் பற்களைச் சேர்த்துப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டு, "ஸ்கூல்" என்றாள். கொரியப் பிள்ளைகளும் அந்தச் சொல்லில் தடுமாறுபவர்களே. நாம் சொல்லின் முன்னே ஓர் உயிரொலியைச் சேர்க்கிறோம்; அவர்களோ ஸகர, ககர ஒலிகளின் நடுவே வேறோர் உயிரொலியைச் சேர்ப்பார்கள். அதைத் திருத்திக்கொடுக்கும் நிமிடத்தின் மகிழ்ச்சி அங்குள்ள ஆசிரியருக்கும் கிடைக்கும் என்று மனதார நம்புகிறேன்.