நான்கு மார்க்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

இன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து மும்பை லோக்கல் ரயிலில் திரும்பும்போது, வீடு இருக்கும் செம்பூரில் இறங்கவில்லை. தூங்கிப்போயிருந்தால் பரவாயில்லை. நன்றாக விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். குர்லாவிலேயே ஒரு பெண் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, என் சீட்டைத் தனக்கென்று சொல்லி வைத்திருந்தாள். செம்பூர் வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கோவண்டி போனது, மான்குர்ட் போனது, வண்டி கடற்கழியின் மேல் பாலத்தில் ஏறியது. வாஷியில் இறங்கி பெஞ்சில் முக்கால் மணி நேரம் இருந்தேன். திரும்புகிற வண்டிகள் வந்து வந்து போயின.

வீட்டுக்காரர் போன் செய்தார். "எங்க இருக்கே?"

"வாஷியில."

"அங்க என்ன வேலை?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். மகளுக்கு நாளைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டேன். பத்தரை மணிக்கு, எந்த நாளும் போல, சி.ஏ. தேர்வுக்கான காஸ்டிங் புத்தகத்தைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்த அதே பக்கம்.

நவம்பர் 8, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். மகள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கே அவர்தான். வியாழக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனை வந்திருந்தது. தைராய்டு சரி, சர்க்கரை சரி. ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். "ஆச்சரியப்படாதே, நம்ம நாட்டுல 15லேருந்து 49 வயசுக்குள்ள நூறு பெண்கள்ல 57 பேருக்கு ரத்தசோகை" என்றார். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வந்த கணக்காம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேராது, எலுமிச்சம்பழச் சாறோடு சாப்பிடு என்றார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது, உட்காரச் சொல்லி மூன்று கேள்வி கேட்டார். எழுந்திருக்கும்போதே களைப்பாக இருக்கிறதா? வேலையைப் பார்த்தாலே விலகிப் போகத் தோன்றுகிறதா? என்ன செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். பர்ன் அவுட் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன மூன்று அடையாளங்களும் இவைதானாம். அதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆபீஸ் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடிகிறவர்கள் எழுதிய வரி அது. லோக்கலில் பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவில் கீரை ஆய்ந்துகொண்டு வருகிற பெண்கள் அந்த நேரத்தில் ஆபீஸிலா இருக்கிறார்கள், வீட்டிலா?

கிளம்பும்போது ஒரு நம்பரும் தந்தார், 14416. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநலத் தொலைபேசி. தமிழிலும் பேசலாம். "மனசு ரொம்ப இருட்டா இருந்தா காத்திருக்காதே, கூப்பிடு."

நவம்பர் 9, ஞாயிறு

கணக்கு எழுதுவது என் தொழில். இன்று என் நாளுக்கே கணக்கு எழுதினேன். பல்லார்ட் எஸ்டேட்டில் ஆபீஸ் ஒன்பதரை மணி நேரம். ரயிலும் நடையும் இரண்டு. சமையல், துணி, மகளின் பாடம், கடை, மாமியாருக்கு மருந்து எல்லாம் சேர்த்து ஐந்து. படிப்பு இரண்டரை, காலை நான்கு மணிக்குக் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். தூக்கம் ஐந்து. 24 சரியாக வந்தது. குளிக்க, சாப்பிட, சும்மா ஜன்னலில் நிற்க என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். என் ஐந்து மணி நேரம் என்பது 300 நிமிடம். அவருக்கும் எழுதினேன், 60 வந்தது. தாளை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நைட் பாத்திரம் நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்றேன். வழக்கமாக, "வேண்டாம், நீங்க அழுத்தித் தேய்க்க மாட்டீங்க" என்பேன். இன்று சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஜனவரி தேர்வுக்கு விண்ணப்பிக்கிற நேரம். மூன்று நாளாக லாகின் செய்து செய்து வெளியே வருகிறேன்.

சி.ஏ. ஃபைனல் முதல் தடவை எழுதியது 2006இல். 2011இல் முதல் க்ரூப், நான்கு தாள், முடிந்தது. மீதி நான்கு தாளான இரண்டாவது க்ரூப் ஏழு அட்டெம்ப்ட். 2013 நவம்பரில் எழுதியதுதான் என்னை இன்றுவரை பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், நான்கிலும் வாங்கியிருந்தேன். மொத்தத்தில் பாதி வேண்டும், 400க்கு 200. எனக்கு 196.

நான்கு மார்க். முப்பது மார்க் குறைந்திருந்தால் அப்போதே விட்டிருப்பேன். அந்த நான்கு மார்க்கை எங்கே விட்டேன், எந்தக் கேள்வியில், எந்த வரியில் என்று பன்னிரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. தேர்வுக்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல். இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று தெரிகிறது, அந்தக் காய்ச்சலை அவள்மேல் ஒரு குறையாக எங்கோ மனசில் வைத்திருந்தேன். குழந்தை அவள்!

அதற்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மறைமுக வரி என்று நான் படித்த பாடமே போனது. போன வருஷம் மே மாதத்திலிருந்து எட்டுத் தாள் ஆறாகிவிட்டது. நான் தவறவிட்ட அந்தத் தேர்வு இப்போது உலகத்திலேயே இல்லை. அதில்தான் பாஸாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீஸிலும் இனி அது எதையும் மாற்றாது. நான் பார்க்கும் வேலைக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். மாதம் பிறந்தால் 7ஆம் தேதி பிடித்தம் செய்த வரியான டி.டி.எஸ்., 11ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொன்று. இந்த வருஷம் வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடுவை நவம்பர் 10 வரை நீட்டித்தார்கள். எல்லோரும் நிம்மதி என்றார்கள். எனக்கு அது இன்னும் பத்து ராத்திரி.

நவம்பர் 16, ஞாயிறு

விண்ணப்பிக்கவில்லை. பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய் லேப்டாப்பை மூடினேன்.

அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கரஸ்ல எம்.பி.ஏ. பண்ணிடேன், உனக்கு ஈஸி" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "இப்ப எதுவும் வேண்டாம்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது.

நவம்பர் 19, புதன்

லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ராத்திரி பத்தரைக்குக் கை தானாகப் புத்தகத்தைத் தேடுகிறது. நேற்று அந்த நேரத்தில் சமையலறை டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்தேன். சும்மா உட்கார்ந்தால் யாரோ வந்து திட்டப் போகிற மாதிரி நெஞ்சு படபடக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மாட்டுங்கா போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். நான் காலேஜ் முடிக்கும் முன்பே அப்பா போய்விட்டார். நைட் டியூட்டியும் ஓவர்டைமும் பார்த்துத்தான் என்னை சி.ஏ. பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்க வைத்தாள். விடியற்காலையில் வந்து செருப்பைக் கழற்றாமலே எனக்குக் காபி கலக்குவாள். கோயிலிலும் கல்யாணத்திலும் யார் கேட்டாலும் "பொண்ணு சி.ஏ. பண்ணிட்டிருக்கா" என்பாள். பத்தொன்பது வருஷமாக அதே வாக்கியம். அவளுடைய அந்த வாக்கியத்தை முடித்து வைக்க வேண்டும் என்பதுதான் என் இலக்காக இருந்தது. கணக்குத் தணிக்கை எனக்குப் பிடிக்குமா என்று நான் என்னைக் கேட்டதே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் பாரேன்" என்றாள்.

"முடியலம்மா."

"நாலு மார்க்தானடி."

இந்த இடத்தில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, நீ பட்டது போதும் என்பாள் என்று ரயிலில் கற்பனை செய்துகொண்டே போயிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். கிளம்பும்போது வழக்கமாகத் தரும் மல்லிகைப்பூவைத் தரவில்லை. பூ ஃபிரிட்ஜில் இருந்தது, பார்த்தேன்.

கிங்ஸ் சர்க்கிள் வரை அழுதுகொண்டே நடந்தேன். வாஷியில் வராத அழுகை.

நவம்பர் 27, வியாழன்

முடியாத இலக்கை விடுவதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். எட்டாததை விட்டுவிட முடிவது ஒரு திறன், வேறொன்றைப் பற்றிக்கொள்வது தனியாக இன்னொரு திறன் என்கிறார்கள். அப்படி விட முடிந்தவர்களுக்கு மன நலம் கூடுதலாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். முதலாவதுக்கே மூச்சு வாங்குகிறது. அடுத்தது என்ன என்று இந்த மாதமே பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆபீஸில் ஒன்று மட்டும் செய்தேன். ஏழு மணிக்கு மேல் வரும் மெசேஜுக்குக் காலையில்தான் பதில். முதல் நாள் மேலதிகாரி முகம் சரியில்லை. நான்காவது நாளான இன்று ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை தீபம்

அரை நாள் லீவு போட்டு மாட்டுங்கா போனேன். அம்மா அகல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பேசாமல் சேர்ந்து திரி போட்டோம். காரிடாரில் ஏற்றிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "எண்ணெய் பாத்து விடுடி, தீந்துபோனா திரி கருகிடும்." போய் ஒவ்வொன்றிலும் விட்டேன்.

பொரி உருண்டை சாப்பிடும்போது, "அந்த புக்கெல்லாம் இன்னும் அலமாரியிலயா இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"எடுத்துட்டா அந்த இடத்துல என் தையல் மிஷின் நிக்குமா? இங்க தூசி படியுது."

நிற்கும் என்றேன். பூ கொடுத்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பழைய பேப்பர் கடைக்காரரை வரச் சொன்னேன். மொத்தம் 41 கிலோ. வருமான வரிப் புத்தகத்தைத் தராசில் வைக்கும் முன் ஒரு தடவை பிரித்தேன். ஓரங்களில் என் கையெழுத்து, மூன்று நிற மையில். அதில் இருப்பது 1961ஆம் வருஷச் சட்டம். வருகிற ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதில் புதுச் சட்டம், 536 பிரிவுகளோடு. சட்டத்துக்கே 64 வருஷத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

2013 மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஃபைலில் மகளின் பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்தேன். அவளுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். "உனக்கு கோவமா இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இப்ப?" என்றாள். தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய், மார்கழி 1

அலாரம் இல்லாமலே நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. உடம்பின் பழக்கம். அரை மணி நேரம் புரண்டேன். பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது ஆறு இருபது. கோலத்தை மாமியார் போட்டுவிட்டிருந்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

பதினான்கு வருஷமாக தினம் இரண்டு தடவை சிவ்ரி ஸ்டேஷனைக் கடக்கிறேன். குளிர்காலத்தில் அங்கே சேற்றுப் பரப்புக்கு ஃபிளமிங்கோ வரும் என்று டப்பாவில் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள்கூட இறங்கியதில்லை. இன்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

லாரிகளும் தூசியுமாக ஒரு சாலை, முடிவில் பழைய படகுகள், அப்புறம் சேறு. அதற்கு மேலே அடல் சேது பாலம் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஃபிளமிங்கோ ஒன்றையும் காணோம். வெள்ளைக் கொக்குகள் நிறைய இருந்தன. மகள் எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டாள். வடா பாவ் வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சேற்றின் மேல் தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?"

"ஆறு."

"நானும் ஆறு" என்றாள்.